அபின் புகைத்த காலமும் அது விட்டுப்போன பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களுக்கு முன்பு காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் சின்ன விளக்கு ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை உலோக அடிப்பகுதி, அதன்மேல் மணி மாதிரிக் கவிழ்ந்த தடித்த கண்ணாடிக் கூண்டு, கூண்டின் உச்சியில் ஒரு துளை. பர்மாவிலிருந்து வந்த சாமி விளக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். வெளிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் கூண்டின் வாய்க்கு மேலே விரலைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. இது வெளிச்சத்துக்காகச் செய்த விளக்கே இல்லை, வெப்பத்துக்காகச் செய்தது என்று அப்போதுதான் உறைத்தது. அபின் விளக்கு என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒரு வருடம் ஆனது. அன்றிலிருந்து இந்தப் பொருள்களைத் தேடிப் படிக்கிறேன், முடிந்தபோது வாங்குகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அபின் என்பது எது? கசகசாவும் அதுவும் ஒன்றா?

செடி ஒன்று, பொருள் வேறு. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காற்றுப்பட்டுப் பழுப்பாக இறுகும். அதைச் சுரண்டி எடுத்தால் அபின். அதே காய் முற்றிக் காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் விதைதான் நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா. விதையில் போதை இல்லை. ஆனால் காயின் பால் தடயமாக ஒட்டியிருக்கலாம் என்பதால் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குக் கசகசா கொண்டுபோவது குற்றம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

சாப்பிட்டுவந்த பொருளைப் புகைக்க ஆரம்பித்தது எப்போது?

அபினை மருந்தாகவும் போதைக்காகவும் விழுங்குவதும் கரைத்துக் குடிப்பதும் மிகப் பழைய வழக்கம். ராஜஸ்தானில் விருந்தினருக்கு அபின் கரைத்த நீரைக் கொடுப்பது மரியாதையாகவே இருந்தது. புகைப்பது அப்படியல்ல. அமெரிக்காவிலிருந்து புகையிலை ஆசியாவுக்கு வந்த பிறகுதான் அந்தப் பழக்கமே பிறந்தது. ஜாவா, தைவான் பக்கங்களில் புகையிலையோடு அபினைக் கலந்து புகைத்தார்கள். அதற்கு மதக் என்று பெயர். அது தென்சீனக் கரைக்கும் பரவியது. 1729-இலேயே சீனப் பேரரசர் யோங்செங் இதை விற்பதையும் இதற்கெனக் கடை வைப்பதையும் தடை செய்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் புகையிலையை விட்டுவிட்டு, காய்ச்சி வடித்த சுத்தமான அபினை மட்டும் புகைக்கும் முறை வந்துவிட்டது. அந்தக் காய்ச்சிய அபின்தான் சண்டு. நான் இங்கே பேசுகிற கருவிகள் எல்லாம் சண்டுவுக்காகவே உருவானவை.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய, வலிக்கும் தொடர்பு. சீனா புகைத்த வெளிநாட்டு அபினில் பெரும்பகுதி நம் மண்ணில் விளைந்தது. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காள அபின் வாணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆனது. பீகாரிலும் காசி வட்டாரத்திலும் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசா போட வைத்தார்கள். விளைந்ததைக் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த ஆலைகளில் அதை உருண்டையாகப் பிடித்து, கசகசாப் பூவின் இதழ்களைத் தட்டையாக ஒட்டித் தயாரித்த ஓட்டுக்குள் பொதிந்தார்கள். ஒரு உருண்டை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மாமரப் பலகைப் பெட்டி ஒன்றுக்கு 40 உருண்டை. கல்கத்தாவில் ஏலம். அங்கிருந்து தனியார் கப்பல்கள் சீனக் கரையில் கள்ளத்தனமாக இறக்கின. சீனாவிடம் வாங்கிய தேயிலைக்கு வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகாத ஆங்கிலேயர் கண்டுபிடித்த வழி இது.

1839-இல் சீன ஆணையர் லின் சேசூ 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து, ஹூமன் என்ற இடத்தில் குழிகள் வெட்டி உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அதற்குப் பதிலடிதான் முதல் அபின் போர். 1842-இல் நான்கிங் உடன்படிக்கை, ஹாங்காங் பறிபோனது. 1856 முதல் 1860 வரை இரண்டாவது போர். அதன் நடுவே, 1858-இல், அபின் இறக்குமதி வரி கட்டினால் சட்டபூர்வம் என்றாகிவிட்டது.

நம் பக்கத்து ஆட்களும் அந்தப் போரில் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1841 மே மாதக் கடைசியில் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊரில், மதராஸ் 37-ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் வழி தவறிக் கிராமத்தாரிடம் சிக்கியது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து நின்று சமாளித்தவர்களைப் பிறகு கடற்படை வீரர்கள் வந்து மீட்டார்கள். அந்த நாளைச் சீனா இன்றும் தன் மக்கள் எழுச்சியின் அடையாளமாகக் கொண்டாடுகிறது. தமிழரும் தெலுங்கரும் நிறைந்த மதராஸ் படையிலிருந்து போய், யாருடைய லாபத்துக்கோ முன்பின் அறியாத வயல்வெளியில் நின்ற அந்தச் சிப்பாய்களை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகும்.

காஜிப்பூர் ஆலை இன்றும் இருக்கிறது. இப்போது அரசின் கையில், மருந்துத் தேவைக்காக.

சிங்கப்பூர், மலேயாவில்?

அங்கே அபின் என்றால் அரசாங்க வருமானம். ஆரம்பத்தில் காய்ச்சி விற்கும் உரிமையைச் சீன முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சில வருடங்களில் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) வருவாயில் பாதியளவு இந்த ஒரே சரக்கிலிருந்து வந்தது. 1910 முதல் அரசே காய்ச்சி விற்றது. சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் அருகே உள்ள புக்கிட் சண்டு என்ற குன்றின் பெயருக்கு அபின் குன்று என்றுதான் பொருள், அடிவாரத்தில் இருந்த சண்டு ஆலையால் வந்த பெயர். பணத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் ரிக்‌ஷா இழுத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், ஈயச் சுரங்கத்தில் குனிந்தவர்கள். உடம்பு வலிக்கு அவர்களுக்குக் கிடைத்த மலிவான மருந்து இதுதான். நம் தாத்தாக்கள் கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த அதே ஊரில், பக்கத்துத் தெருவில், அவர்கள் சண்டுக் கடையில் தொலைத்தார்கள். இரண்டு கடைக்கும் உரிமம் கொடுத்தது ஒரே அரசாங்கம்.

புகைப்பது என்றால் சுருட்டு, பீடி போலவா?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற எல்லாப் பொருளும் தானாகப் புரியும். சண்டுவை எரிக்கக் கூடாது. எரித்தால் கருகிப்போகும், அதிலிருக்கும் சத்து வீணாகும். எரியாமல் ஆவியாகும் அளவுக்கு மட்டும் சூடு வேண்டும். பாகு பதத்தில் இருக்கும் சண்டுவை ஊசி நுனியில் எடுத்து, விளக்கின் சூட்டில் காட்டி இறுக்கி, சிறு உருண்டையாக்கிக் குழாயின் குமிழில் ஒட்டுவார்கள். பிறகு அந்தக் குமிழை விளக்குக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆவியை உறிஞ்சுவார்கள்.

இதற்காகத்தான் எல்லாமே. விளக்கின் கூண்டு, தீ நாக்கை உள்ளேயே அடக்கிச் சூட்டை மட்டும் மேலே அனுப்புகிறது. தேங்காய் எண்ணெயை விரும்பியதற்குக் காரணம் அது புகையும் கரியும் இல்லாமல் எரியும் என்பது. வீட்டில் காமாட்சி விளக்கு ஏற்றுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். அரை மீட்டருக்கும் மேல் நீண்ட குழாயை அசையாமல் விளக்கின் மேல் பிடிக்க வேண்டும் என்றால் உட்கார்ந்து முடியாது, ஒருக்களித்துப் படுத்தால்தான் முடியும். அதனால் கட்டில். தலை சரியான உயரத்தில் நிற்க வேண்டும், அதனால் பீங்கானிலும் தோலிலும் மரத்திலும் செய்த கெட்டித் தலையணை. கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும், அதனால் தாழ்ந்த தட்டு. அபின் புகைப்பவர் படுத்துக்கிடக்கும் படங்களைப் பார்த்து மயங்கி விழுந்துகிடக்கிறார் என்று நினைக்கிறோம். முதலில் அவர் படுத்தது கருவிக்காக.

குழாயின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

தண்டு பெரும்பாலும் மூங்கில். தந்தம், ஆமை ஓடு, கொம்பு, பீங்கான், எனாமல் வேலைப்பாடு செய்த உலோகம் ஆகியவற்றிலும் உண்டு. ஒரு முனை வாய் வைக்க. மறுமுனை அடைபட்டிருக்கும். மூங்கில் என்றால் கணுவே அடைப்பு. அடைபட்ட முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்டின் மேல் சேணம் மாதிரி ஒரு உலோகத் தகடு. அதன் நடுவில் உள்ள வாயில் குமிழ் செருகப்படும். இடைவெளியில் காற்றுப் போகாமல் துணி சுற்றுவார்கள்.

குமிழ்தான் உயிர். கதவுக் கைப்பிடி அளவில், உள்ளே கூடாக, சுட்ட மண்ணில் செய்தது. சீனாவின் யீஷிங் ஊர்ச் செம்மண் குமிழ்கள் புகழ்பெற்றவை. மேல்பரப்பின் நடுவில் குண்டூசி நுழையும் அளவில் ஒரே ஒரு துளை. பலவற்றில் செய்தவரின் முத்திரை குத்தியிருக்கும். வட்டம், எண்கோணம், நண்டு வடிவம் என்று விதவிதமாக உண்டு. ஒருவரே பல குமிழ்கள் வைத்துக்கொண்டு, சூடேறியதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்.

தட்டில் வேறு என்னென்ன இருக்கும்?

ஊசிகள், திரி கத்தரிக்க வளைந்த சிறு கத்தரி, திரியைப் பிடிக்கும் இடுக்கி, சண்டு வைக்கும் கொம்பு அல்லது பித்தளைச் சிமிழ், குமிழ்களை அடுக்கும் தாங்கி. வாங்கும்போது நிறுக்க வயலின் வடிவ மரப்பெட்டிக்குள் அடங்கும் சிறிய வெள்ளிக்கோல். ஒற்றைத் தட்டும் நகரும் குண்டும் கொண்டது, எலும்பிலோ தந்தத்திலோ கோல், அதில் புள்ளி புள்ளியாக அளவு. மலாயாவில் சண்டுவை ஹூன் கணக்கில் விற்றார்கள். 100 ஹூன் ஒரு தாஹில், அதாவது சுமார் 38 கிராம். கூலிக்காரர் ஒருவர் வாங்கக்கூடியது சில ஹூன்.

நான் அதிகம் யோசித்த பொருள், பார்க்க அழகே இல்லாத ஒன்று: குமிழின் உட்புறத்தைச் சுரண்டும் வளைந்த இரும்புக் கரண்டி. ஆவி குளிர்ந்து உள்ளே படியும் கரிய கசடிலும் போதை மிச்சம் இருக்கும். அதைத் தூக்கி எறிவதில்லை. கசடு பல இடங்களில் கடைக்காரருக்குச் சொந்தம். அதை மறுபடி காய்ச்சியும் கலந்தும் இன்னும் ஏழையான ஒருவருக்கு விற்பார்கள். பணக்காரர் புகைத்த மிச்சத்தை ஏழை புகைத்தார். கசடு போட்டுவைக்கும் சிறு பெட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் அழகுப் பொருள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இவ்வளவு செய்திருக்கிறார்களே, இப்போது ஏன் அபூர்வமாக இருக்கின்றன?

எரித்துவிட்டார்கள். 1906-இல் சீன அரசு பத்து ஆண்டுகளில் அபினை ஒழிப்பதாக ஆணையிட்டது. அடுத்த வருடம் பிரிட்டனும் ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டது. 1909-இல் ஷாங்காயில் உலக நாடுகள் கூடின, 1912-இல் ஹேக் உடன்படிக்கை. இந்த வருடங்களில் ஊர் ஊராகக் குழாய்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் மக்கள் சீன அரசு மிச்சத்தையும் துடைத்தெறிந்தது. தாய்லாந்தில் சாரித் தனராஜட் ஆட்சியில், 1959 ஜூன் 30 இரவு பாங்காக்கின் சனாம் லுவாங் மைதானத்தில் ஆயிரக்கணக்கான குழாய்கள் எரிந்தன. பிரிட்டன் 1943-இல் தன் கிழக்குக் குடியேற்றங்களில் இனி அபின் விற்பனை இல்லை என்று அறிவித்து, போர் முடிந்து திரும்பியபோது அதைச் செயல்படுத்தியது.

அந்தத் தீ சரியான தீ என்றே நினைக்கிறேன். அதில் போனது போகட்டும். தப்பியதைப் பத்திரப்படுத்துவதுதான் நம் வேலை.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதிதாகச் செய்தது. ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இதை வைத்து உண்மையில் புகைக்க முடிந்திருக்குமா?

குமிழின் துளை பென்சில் நுழையும் அளவுக்கு இருந்தால் உருண்டை உள்ளே விழுந்துவிடும், ஆகவே போலி. குமிழ் சேணத்தில் ஆடினால் காற்று ஒழுகும், உறிஞ்ச முடியாது. தண்டு முழுக்க டிராகனும் அழகிகளுமாகப் புடைப்பாகச் செதுக்கியிருந்தால் கையில் உறுத்தும். நிஜமாகப் புகைத்தவர் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை மறக்காதீர்கள். எலும்புத் துண்டுகளை வளையம் வளையமாகக் கோத்துச் செய்த குழாய்களைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். அசலில் தேய்மானம் கை படும் இடத்திலும் வாய் படும் இடத்திலும் இருக்கும். போலியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்கைப் பூசியிருப்பார்கள். குமிழின் கழுத்தில் பழைய ஒட்டுவேலை இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள், உடைந்ததை ஒருவர் ஒட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்.

அப்புறம், போலி அல்ல, ஆனால் அபின் குழாயும் அல்ல என்ற வகை. சீனத்து வெள்ளை உலோக நீர்க்குழாய், அடியில் தண்ணீர்த் தொட்டியும் கொக்கு மாதிரி வளைந்த கழுத்தும் கொண்டது, புகையிலைக்கானது. தண்டின் நுனியிலேயே சின்ன உலோகக் கிண்ணம் இருந்தால் அதுவும் புகையிலைக் குழாய். இரண்டையும் அபின் என்று சொன்னால் விலை ஏறும் என்பதால் அப்படியே விற்கிறார்கள்.

பர்மா வாத்து எடைக்கற்கள் அபின் நிறுத்தவைதானா?

செட்டிநாட்டுப் பக்கம் இது அடிக்கடி வரும் கேள்வி. வெண்கலத்தில் அன்னம் மாதிரியான ஹிந்தாப் பறவை, சிங்கம் என்று வரிசையாக வரும் அந்த எடைகளை உலகம் முழுக்க அபின் எடை என்றே விற்கிறார்கள். உண்மையில் அவை பர்மியரின் பொதுவான எடைக்கற்கள், எல்லாச் சரக்கையும் நிறுத்தவை. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த உங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் இருந்ததை வைத்து அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

வைத்திருப்பது சட்டப்படி சரியா?

கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டம், அபின் புகைத்தபின் மிஞ்சும் கசடையும் போதைப்பொருளாகவே கணக்கில் எடுக்கிறது. நூறு வருடம் பழையதானாலும், குமிழுக்குள் கசடு இருந்தால் நீங்கள் வைத்திருப்பது வெறும் பழம்பொருள் அல்ல. சிங்கப்பூர், மலேசியச் சட்டங்கள் புகைக்கும் கருவிகளிடமும் கடுமையாக இருப்பவை. அங்கே இருப்பவர்கள் வக்கீலிடம் கேட்காமல் வாங்கவோ எடுத்துவரவோ வேண்டாம்.

தந்தமும் ஆமை ஓடும் தனிச் சிக்கல். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்துக்கு 1989-இல் தடை முடிவானது, நம் வனவிலங்குச் சட்டம் 1972-ஐச் சேர்ந்தது. நான் இந்த இரண்டையும் வாங்குவதே இல்லை. நூறு வயது தாண்டிய கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகவும் சட்டம் குறுக்கே நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: விளக்கு, கத்தரி, வெள்ளிக்கோல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்க நிறைவானவை, கசடும் இருக்காது.

ஒரே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தால் என்ன?

வேண்டாம். இதை எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். பாங்காக்கில் இருந்த வெளிநாட்டுத் தொகுப்பாளர் ஒருவர், இந்தக் கருவிகளைப் பற்றி மிக ஆழமாகத் தெரிந்தவர், பொருளைப் புரிந்துகொள்ளத்தான் என்று ஆரம்பித்து, கடும் அடிமையாகி, மடாலயம் ஒன்றில் சிகிச்சைக்குப் போகும் நிலைக்கு வந்தார். அதைத் தானே வெளிப்படையாக எழுதியும் இருக்கிறார். அறிவு இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

வட தாய்லாந்தில், மேக்கோங் ஆற்றங்கரையில் தங்க முக்கோணப் பகுதியில் உள்ள அபின் அரங்கம் எனக்குத் தெரிந்ததில் சிறந்தது. பொருளையும் அது செய்த நாசத்தையும் பிரிக்காமல் காட்டுகிறார்கள். சீனாவில் ஹூமனில் அபின் போர் அருங்காட்சியகம், லின் சேசூ அபினைக் கரைத்த அதே ஊரில். வியட்நாமில் சைகோன் போனால் ஹாய் பா த்ரூங் தெருவில் பிரெஞ்சுக்காரரின் பழைய அபின் ஆலையின் வாயில் நிற்கிறது. அந்த வாயிலின் அலங்காரத்தில் கசகசாப் பூவைத் தேடிப் பாருங்கள்.

வீட்டுப் பழைய பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சும் முத்திரையும் போய்விடும். கிடைத்த நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கண்ணாடிக் கூண்டு இருந்தால் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். முதலில் உடைவது அதுதான், மாற்று கிடைப்பது கஷ்டம். உள்ளே கரிய பிசுக்கு ஒட்டிய குமிழ் என்றால் சுரண்ட வேண்டாம், யாருக்கும் விற்க முயலவும் வேண்டாம், ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

பிறகு வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: இந்தப் பெட்டி யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கப்பல், அவர் அங்கே என்ன வேலை பார்த்தார். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள், தேதி போட்டு எழுதிவையுங்கள். நான் என் விளக்கின் கதையைக் கேட்கத் தோன்றித் திரும்பக் காரைக்குடி போனபோது மூன்று வருடம் ஆகியிருந்தது. கடை இருந்தது, விற்றவர் இல்லை. எந்த வீட்டை இடித்தபோது வந்தது என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.